அனுமதி இல்லாத ரோஜாப்பூக்கள்

அரசு ஊழியர் முன் அனுமதி பெறாமல் வியாபாரம் செய்யக் கூடாது என்பது நடத்தை விதி. காசு வாங்காமல் கேக் சுடுவதை அது தடுக்கவில்லை. எழுபதுகளின் தொடக்கத்தில் அரூரில் ஓர் அலுவலகத்தில் நான் எழுத்தர். ஞாயிறுதோறும் குண்டானில் மணல் பரப்பி, மூடிமேல் தணல் போட்டு கேக் சுடுவேன். காகிதத்தைக் கூம்பாகச் சுருட்டி, கேக்கின்மேல் சர்க்கரை ரோஜாக்கள் பிழிவேன்.

பக்கத்து வீட்டு அந்தோணி தன் மகள் திருமணத்துக்குக் கேக் கேட்டார். அது மேலாளர் காதுக்கு எட்டியது.

"ஏன்யா, ஆம்பள, அதுவும் கவர்மெண்டு ஆளு, கேக்குல பூ புழியறதா? பர்மிஷன் வாங்காம செஞ்சா மெமோதான்."

தேவையே இல்லாத அனுமதிக்கு விண்ணப்பித்தேன். அது மேலிடத்துக்குப் போக உரிய வழி அவர் மேசை வழிதான். விண்ணப்பம் அங்கேயே படுத்துக்கொண்டது.

திருமணத்துக்கு முந்தைய நாள் அந்தோணியிடம் இதைச் சொன்னேன்.

"கல்யாணத்துக்குச் சாமியாரே ஒத்துக்கிட்டாருங்க சார். கேக்குக்கு கவர்மெண்டு ஒத்துக்கணுமுங்களா?"

எனக்குச் சுருக்கென்றது. அன்றே அடுப்பு மூட்டினேன். மறுநாள் காலை கேக்கை ஏந்தி, வேண்டுமென்றே அலுவலக வாசல் வழியாக நடந்தேன். மேலாளர் காகிதத்துடன் ஓடி வந்தார்.

"யோவ், மெமோய்யா!"

"ரெண்டு கையும் கேக்குல இருக்குதுங்க சார். சட்டைப் பையில வச்சிடுங்க."

வைத்தார். மாதா கோயிலுக்குப் போனேன். விதிகளை மனப்பாடமாக அறிந்த நான், அவை எனக்குத் தந்திருந்த உரிமையை அன்றுதான் முதன்முதலில் எடுத்துக்கொண்டேன்.

அனுமதி தேவையில்லை என்ற பதில், அந்தத் தம்பதியின் மூத்த பிள்ளைக்கு ஞானஸ்நானம் நடந்த அன்று வந்தது.