சிவப்புச் சும்மாடு

எங்கள் வீட்டுக் கதவுக்குப் பின்னால் ஆணியில் ஒரு சிவப்புத் துணி தொங்குகிறது. பழைய நூல் சேலையிலிருந்து கிழித்தது. வெயிலும் உப்பும் தின்று ஓரமெல்லாம் வெளுத்துவிட்டது. அடுப்படித் துணி என்று நினைத்து யாராவது எடுக்கப் போனால் பதறிப்போய்த் தடுப்பேன். அது என் நாத்தனாரின் சும்மாடு. தலையில் உப்புக்கூடை ஏற்றுமுன் சுருட்டி வைத்துக்கொள்வது.

என் வீட்டுக்காரரின் அக்கா அவர், எங்களோடுதான் இருக்கிறார். நான் அண்ணி என்றுதான் கூப்பிடுவேன். மரக்காணம் உப்பளத்தில் கூடை சுமக்கும் பெண்களில் முதல் ஆளாக நடப்பவர். பாத்திகளுக்கு நடுவே போகும் வரப்பில் ஒருவர் பின்னால் ஒருவராகத்தான் போக முடியும். முன்னால் போகிறவர் திரும்பிப் பார்க்கவே கூடாது என்பது அங்கே கண்டிப்பு. அவர் கழுத்தைத் திருப்பினால் கூடை சாயும், பின்னால் வருகிறவர் மோதுவார், அத்தனை பேரும் உப்புத் தண்ணீரில் கிடப்பார்கள். பின்னால் யார் கத்தினாலும் அங்கிருப்பவர்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். கல்யாணத்துக்கு முன்பிருந்தே அப்படி நடந்து பழகிய கழுத்து அண்ணியுடையது.

கடல் ஊருக்குள் வந்துபோன மறு வருஷம், 2005இல், யாரோ புண்ணியவான்கள் எங்கள் பிள்ளைகளுக்கு ஒரு பூங்கா கட்டிக் கொடுத்தார்கள். சறுக்குமரம், ஊஞ்சல், சிமெண்ட் பெஞ்சு. பிள்ளைகளின் பயம் தெளியட்டும் என்று நல்ல மனசோடுதான் செய்தார்கள். ஆனால் காலி இடம் கிடைத்தது கிழக்குக் கடற்கரைச் சாலைக்கு அந்தப் பக்கம். வீடுகள் இந்தப் பக்கம். சனி, ஞாயிறு என்றால் பாண்டிச்சேரிக்குப் போகும் கார்களும் வரும் கார்களும் காது அடைக்கிற மாதிரி பறக்கும். தெரு நாய் ஒன்று அதில் அடிபட்டுக் கிடந்ததை என் மகள் பார்த்துவிட்டு, “அது எப்பம்மா எந்திரிக்கும்?” என்று கேட்டாள். அவள்தான் தெருவிலேயே சின்னவள். அன்றிலிருந்து எனக்குத் தூக்கமே இல்லை. ஊரெல்லாம் கடலை நினைத்து நடுங்கியது, நான் ரோட்டை நினைத்து நடுங்கினேன்.

சும்மா சொல்லக்கூடாது, பெண்கள் எல்லாரும் சேர்ந்து பஞ்சாயத்தில் விடாமல் கேட்டதால் நெடுஞ்சாலை ஆபீசர் ஒருவர் வந்தார். பூங்கா வாசலுக்கு நேரே ரோட்டைக் கடக்க வெள்ளைக் கோடு போடலாம் என்றார். அங்கே வளைவு, வேலிக்கருவைப் புதர் மறைக்கிறது என்று அண்ணி ஒற்றைக்காலில் நின்று, கொஞ்சம் தள்ளி ரோடு நேராக இருக்கும் இடத்துக்கு மாற்றவைத்தார்.

“கோடு போட்டுட்டா வண்டி நிக்கணும்மா, அதான் சட்டம்” என்றார் ஆபீசர்.

“சட்டம் உங்களுக்குத் தெரியும் சார், கார்ல வர்றவனுக்குத் தெரியுமா? செவப்பக் கண்டாதான் நிப்பான்” என்று சொல்லி, இடுப்பில் செருகியிருந்த சும்மாட்டை உருவி உதறிக் காட்டினார் அண்ணி. தினமும் சாயங்காலம் அவரே பிள்ளைகளைக் கூட்டிப்போவது என்று முடிவானது. எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

கோடு போட்ட முதல் நாள். அண்ணி துணியை விரித்துப் பிடித்துக்கொண்டு ரோட்டில் இறங்கினார். ஒரு லாரி நின்றது, எதிர்ப்பக்கம் ஒரு பஸ் நின்றது. அவர் முன்னால் போக, பிள்ளைகள் வரப்பில் போவதுபோல் ஒருவர் பின்னால் ஒருவராக, முன்னால் இருப்பவரின் உடுப்பைப் பிடித்தபடி போனார்கள். அத்தனை பேரும் உப்பளத்து வீட்டுப் பிள்ளைகள். வேறு எப்படிப் போவார்கள்? எங்களில் ஒருத்திக்கும் அது தப்பாகப் படவில்லை. நான் இந்தப் பக்கம் நின்று சிரித்துக்கொண்டிருந்தேன். என் மகள் கடைசி. முன்னால் போனவளின் கவுன் நாடாவைப் பிடித்திருந்தாள். நடு ரோட்டில் அந்த நாடா அவிழ்ந்து நீண்டது, கையிலிருந்து நழுவியது. இவள் அப்படியே நின்று தன் வெறும் கையைப் பார்த்தாள்.

அந்த நேரம் அண்ணி அக்கரை ஏறிவிட்டார். துணியை இறக்கினார். மற்ற பெண்கள் கத்தினார்கள். அண்ணி திரும்பவில்லை. தலையில் கூடை இல்லை, ஆனாலும் அந்தக் கழுத்து திரும்பவில்லை. லாரிக்குப் பின்னால் காத்திருந்த கார்க்காரனுக்குக் குழந்தை தெரிய வழியில்லை. சிவப்பு இறங்கியது மட்டும்தான் தெரிந்திருக்கும். காரை ஒடித்து லாரியைச் சுற்றிக்கொண்டு வெளியே வந்தான். பிரேக் சத்தம் மட்டும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. கண்ணைத் திறந்தபோது காரின் முன்பக்கம் அவள் முகத்துக்குப் பக்கத்தில் இருந்தது. அவள் அழக்கூட இல்லை. அண்ணி அப்போதுதான் திரும்பினார். அந்த முகத்தை நான் மறக்கவே மாட்டேன்.

அன்றைக்கு அவர் சோறு தொடவில்லை. “வரப்புன்னு நெனச்சிட்டேன்மா” என்பதையே திரும்பத் திரும்பச் சொன்னார். மறுநாள் எல்லாப் பிள்ளைகளையும் ரோட்டோரம் பக்கத்தில் பக்கத்தில் கைகோத்து நிற்கவைத்தார். “வரப்புல நீளமாப் போவணும், ரோட்டுல அகலமாப் போவணும். நீளமாப் போனா வால் மாட்டிக்கும்.” அப்புறம் அவர் முன்னால் போகவே இல்லை. நடு ரோட்டில் துணியோடு நின்று, கடைசிப் பிள்ளை ஏறிய பிறகுதான் நகருவார். உப்பளத்திலும் அந்தப் பயம் அவரை விடவில்லை. கூடையோடு திரும்பித் திரும்பிப் பார்த்து இரண்டு முறை கொட்டிவிட்டார். பிறகு தானாகவே வரிசையின் கடைசிக்குப் போய்விட்டார்.

இப்போது அங்கே விளக்கெல்லாம் மினுங்குகிறது. ரோடும் அகலமாகிவிட்டது, வண்டிகளும் பெருகிவிட்டன. என் மகள் சென்னையில் வேலை பார்க்கிறாள். ஊருக்கு வந்தால் பூங்காப் பக்கம்தான் பஸ் நிற்கும். அவள் போன் செய்ததும் அண்ணி ஆணியிலிருந்து துணியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். அவருக்கு இப்போது கண் சரியாகத் தெரியாது, கூடவே நானும் போவேன். போன வாரமும் அப்படித்தான். அண்ணி துணியை விரித்தார், வண்டிகள் நின்றன, மகள் சிரித்துக்கொண்டே கடந்து வந்தாள்.

“எனக்கு ரோடு கிராஸ் பண்ணத் தெரியாதா அத்தே?”

அண்ணி துணியை இறக்கவில்லை. கார்கள் ஹாரன் அடித்தன.

“வந்துட்டா அண்ணி, எறக்குங்க” என்றேன்.

“அவளுக்குப் பின்னாடி யாரும் இல்லையே? நல்லாப் பாத்துச் சொல்லு.”

“யாரும் இல்ல அண்ணி” என்றேன். அவர் கேட்பதற்கு முன்பே நான் பார்த்துவிட்டிருந்தேன்.