என் பத்திக்குப் பின்பக்கம் ஒரு கொலை

பத்து நாளைக்கு முன்னால், ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம். கம்பெனியில் என் மேஜையில் உட்கார்ந்து நூல் மில்லுக்கு ஒரு கடிதம் டைப் அடித்துக்கொண்டிருந்தேன். எதிரே சரசு வந்து நின்றாள்.

சரசு எங்கள் பனியன் கம்பெனியில் செக்கிங் செக்ஷனில் வேலை பார்க்கிற பெண். தைத்து வருகிற பனியனை உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பி, தையல் விட்டிருக்கிறதா, ஓட்டை விழுந்திருக்கிறதா என்று பார்க்கிற செக்ஷன் அது. அவளுக்கு வியாழக்கிழமை கல்யாணம். மாப்பிள்ளைக்குப் பம்பாயில் வேலை. செவ்வாய்க்கிழமையோடு கம்பெனியிலிருந்து நிற்கப் போகிறாள்.

பத்திரிகை வைக்கத்தான் வந்திருக்கிறாள் என்று நினைத்தேன். கையில் பத்திரிகை இல்லை.

“ஏனுங்க சார், உங்க பக்கம் ஒண்ணு வேணுமுங்க.”

அடடா! எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று உங்களுக்குத் தெரியாதா? ஆறு வருஷமாக வாராவாரம் இந்தப் பக்கத்தை நிரப்பிக்கொண்டிருக்கிறேன். சொந்தக் கம்பெனியில் ஒரு ஆத்மாவாவது ‘படிச்சேன்’ என்று சொன்னதுண்டா? டைப்ரைட்டரை ஓரமாகத் தள்ளினேன்.

“எந்த வாரத்துது கண்ணு?”

“மூணு வாரத்துக்கு முன்னாடி வந்ததுங்க.”

“ஓ... பெருந்தன்மையைப் பத்தி எழுதியிருந்தேனே, அதுவா?”

சரசு முழித்தாள். “அது என்னன்னு தெரியலீங்க சார். அதுக்குப் பின்னாடி பக்கம் வேணுமுங்க. கப்பல் கதையோட கடைசிப் பக்கம்.”

போச்சா?

கப்பல் கதை உங்களுக்குத் தெரியும். ஆறு மாதமாக இதே பத்திரிகையில் வந்து, சமீபத்தில் முடிந்த மர்மத் தொடர். பெயரைச் சொல்ல மாட்டேன். அதற்கு நான் வேறு இலவச விளம்பரம் கொடுக்க வேண்டுமா? சின்ன உல்லாசக் கப்பல். எட்டே பயணிகள். அதில் ஒரு பணக்காரர் தன் அறையில் செத்துக் கிடக்கிறார். தூக்கத்தில் மாரடைப்பு என்கிறார் கப்பல் டாக்டர். இல்லை, கொலை என்கிறார் பயணிகளில் ஒருவரான ரிட்டையர்டு இன்ஸ்பெக்டர். அப்புறம் எல்லோரும் ஒருவரை ஒருவர் முறைத்துக்கொண்டே நாலு நாள் கடலில் போகிறார்கள். அந்த நாலு நாள் நமக்கு ஆறு மாதம்.

எழுதியவர் யார் தெரியுமா? இதோ, திருப்பூருக்குப் பக்கத்தில் இருக்கிற மங்கலத்துக்காரர். வீட்டில் நாலு தறி போட்டு ஓட்டுகிறார். கடலைக் கண்ணால் பார்த்ததில்லை என்று அவரே ஒரு பேட்டியில் பெருமையாகச் சொல்லியிருந்தார். பெருமையாம்!

நான் கப்பலில் போனவன் ஐயா. தனுஷ்கோடியைக் கடல் கொண்டு போவதற்கு முன்பே, அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பலில் போயிருக்கிறேன். போகும்போதும் வாந்தி எடுத்தேன், வரும்போதும் வாந்தி எடுத்தேன். அவர் அதுகூட எடுத்ததில்லை. ஆனால் அவர் கப்பல் கதை எழுதுகிறார், ஊரே வாயைப் பிளந்து படிக்கிறது. நான் மாமனார் வீட்டு விருந்தைப் பற்றி எழுதிக்கொண்டிருக்கிறேன். வயிறு எரியுமா, எரியாதா?

இதில் இன்னொரு கொடுமை. பக்கங்கள் எப்படி அமைந்தனவோ, ஆறு மாதமும் அவருடைய கடைசிப் பக்கத்தின் பின்னால்தான் என் பத்தி. வீட்டில் பத்திரிகை வந்ததும் கமலா முதலில் கப்பல் ஏறிவிடுவாள். “என் பக்கம் படிச்சியா?” என்று கேட்டால், “இருங்க, இன்னும் கொலைகாரன் அகப்படலை” என்பாள். இதைச் சொல்வது என் மனைவி!

தப்புக் கண்டுபிடிக்க உட்கார்ந்தேன். கண்டுபிடித்தேன். கப்பலில் காலை எட்டு மணிக்குச் சங்கு ஊதுகிறது. சாப்பாட்டுக்கு டோக்கன் கொடுக்கிறார்கள். இறங்குவதற்குக் கேப்டனிடம் கேட் பாஸ் வாங்க வேண்டும். கப்பலா அது? பனியன் கம்பெனியைத் தூக்கிக் கடலில் போட்டிருக்கிறார், அவ்வளவுதான். இப்படியே ஆறு தப்பு. ஏழாவதுதான் எனக்குக் கற்கண்டு. இறந்தவரின் கழுத்துக்குப் பின்னால் பனியன் லேபிள் தெரிந்தது என்று எழுதியிருந்தார். லேபிள் எப்படி வெளியே தெரியும்? அது உள்ளேதானே இருக்கும்? திருப்பூர்ப் பக்கத்தில் இருந்துகொண்டு இதுகூடத் தெரியாத ஒருவருக்கு ஆறு மாதத் தொடரா?

ஏழையும் நம்பர் போட்டு ஆசிரியருக்கு அனுப்பினேன். ஒரு போஸ்ட் கார்டு வந்தது. ‘தங்கள் ஏழாவது பிழையைக் கதாசிரியருக்குத் தெரிவித்தோம். சிரித்தார். பொறுத்திருந்து படிக்கச் சொன்னார்.’

சிரித்தாராமே! அன்றைக்கே கப்பலை விட்டு இறங்கிவிட்டேன். அதற்கப்புறம் ஒரு வரி படிக்கவில்லை. என் பக்கத்தை மட்டும் வெட்டி, நீளமான அட்டை நோட்டில் மைதாப் பசை போட்டு ஒட்டிவிடுவேன். என் பத்தி மேலே, கப்பல் கீழே. அதில் ஒரு சந்தோஷம். கெட்ட சந்தோஷம்தான், ஒப்புக்கொள்கிறேன்.

இதைவிட மோசமானது ஒன்று இருக்கிறது. அதையும் சொல்லிவிடுகிறேன்.

செக்கிங் செக்ஷனில் ஒரு வழக்கம். பத்திரிகை வருகிற அன்று சரசு நடுவில் உட்கார்ந்து கப்பல் கதையை உரக்கப் படிப்பாள். அவள் பார்க்க வேண்டிய பனியன்களை மற்றவர்கள் ஆளுக்குக் கொஞ்சம் எடுத்துக்கொண்டு பார்த்துவிடுவார்கள். காது கதையில், கை பனியனில். வேலை ஒரு பீஸ்கூடத் தேங்காது.

கடைசி அத்தியாயம் வந்த அன்று டீ குடிக்கப் போகிற சாக்கில் அந்தப் பக்கம் போனேன். வாசலில் நின்று, “இந்த வாரம் என் பக்கம் எப்படிம்மா?” என்று கேட்டேன். ஒரு அம்மாள் தலை நிமிராமல் சொன்னாள்: “அது கதைக்குப் பின்னாடியே வருதுங்களே சார். கதையோட சேத்தி அதையும் பத்திரமா வெச்சிருக்கறமுங்க.”

பத்திரமாக வைத்திருக்கிறார்களாம். படிக்கவில்லை!

நேரே டீக்கடைக்குப் போனேன். சூப்பர்வைசர் நின்றுகொண்டிருந்தார். “செக்கிங்ல கதா காலட்சேபம் நடக்குது போலிருக்கே?” என்றேன். இவ்வளவுதான் சொன்னேன். அவர் பாதி டீயை வைத்துவிட்டுப் போனார். சரசு கையிலிருந்த பத்திரிகையைப் பிடுங்கி நாலாகக் கிழித்து வாசலில் எறிந்தார். நான் நின்று என் டீயைக் குடித்தேன். ருசிக்கவில்லை என்று எழுதினால் நன்றாக இருக்கும். உண்மையில் ருசித்தது.

“கிழிஞ்சதை எல்லாம் பொறுக்கிச் சோத்துப் பருக்கையை வெச்சு ஒட்டிட்டமுங்க சார்,” என்றாள் சரசு. “கடைசிப் பக்கம் மட்டும் சாக்கடையில போயிருச்சுங்க. ‘கொலை செய்தவர் இந்த அறையில்தான் இருக்கிறார், அவர்...’ அதோட நிக்குதுங்க. ஏஜென்ட் கடையில அந்த வாரம் ஒரு புக்குக்கூட மிச்சமில்லீங்க. வாங்கின வீட்டுல எல்லாம் கிழிச்சுப் பைண்டிங்குக்குக் குடுத்துட்டாங்க. யார் முடிவைச் சொல்ல வந்தாலும் காதைப் பொத்திக்கறமுங்க. நான் படிச்சுத்தான் கேக்கோணும்னு எங்க செக்ஷன்ல ஒரே புடியா நிக்கறாங்க. செவ்வாக்கிழமைக்குள்ள கெடைச்சா...”

“என்கிட்ட இல்லியே கண்ணு,” என்றேன்.

வாய் கூசாமல் வந்தது அந்தப் பொய். “சரிங்க சார்,” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். கெஞ்சியிருந்தால்கூடப் பரவாயில்லை.

அன்று வீட்டில் மூன்றாவது தோசை இறங்கவில்லை. கமலா என்ன என்றாள். சொன்னேன். டீக்கடை வரைக்கும் சொன்னேன். அவள் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன்.

“உங்களுக்கு அடுத்த வாரமும் பக்கம் வருமுங்க,” என்றாள். “அந்தப் புள்ளை அடுத்த வாரம் அங்க இருக்காது.” அவ்வளவுதான். தோசைக்கல்லை இறக்கிவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை. அட்டை நோட்டை எடுத்து வைத்து, என் பத்தியின் மேல் ஈரத்துணியைப் பரப்பினோம். பசை ஊற வேண்டுமே! ஊறியதும் கமலா ஓரத்திலிருந்து மெதுவாகத் தூக்கினாள். தாள் முழுசாக வந்தது. ஆனால் ஈரத்தில் துவண்டு, தொட்டால் பிய்ந்துவிடும் போல் இருந்தது.

“பின்னாடி ஒரு வெள்ளைத்தாள் ஒட்டினாத்தான் நிக்கும்,” என்றாள்.

பின்னாடி என்றால்? என் பத்தி! பெருந்தன்மையைப் பற்றி நான் உருகி உருகி எழுதியது. இரண்டு நாள் யோசித்து எழுதிய கடைசி வரி. அதன்மேல் என் கையாலேயே பசை தடவி, என் கையாலேயே வெள்ளைத்தாளை ஒட்டினேன். ஒரு எழுத்து பாக்கியில்லாமல் மூடிப்போயிற்று. வேறு காப்பியும் கிடையாது. நோட்டில் அந்த வாரம் இப்போது மொட்டையாக இருக்கிறது.

கொடியில் காய்ந்துகொண்டிருந்த தாளை ஒரு பார்வை பார்க்கப் போனேன். “அந்தப் புள்ளைகளுக்கு முன்னாடி நீங்க படிக்கக் கூடாது,” என்று கமலா பிடுங்கிக்கொண்டாள்.

திங்கட்கிழமை சாப்பாட்டு நேரத்தில் செக்கிங் செக்ஷனுக்குப் போய்த் தாளை நீட்டினேன். அங்கே எழுந்த சத்தம் கப்பல் சங்கையே தோற்கடித்துவிடும். எனக்கும் ஒரு பலகை போட்டார்கள். சூப்பர்வைசர்கூட வாசலில் வந்து, வெளியே பார்க்கிற மாதிரி நின்றுகொண்டார். சரசு தொண்டையைச் சரிசெய்துகொண்டு படித்தாள்.

கொலை செய்தது கப்பல் டாக்டர். பாலில் விஷம் கலந்து கொடுத்திருக்கிறார். பால் இறந்தவரின் பனியனில் கொட்டிக் கறையாகிவிட்டது. இருட்டில் அவசர அவசரமாக வேறு பனியன் மாட்டிவிட்டிருக்கிறார் — உள்பக்கம் வெளியே! இன்ஸ்பெக்டர் கேட்கிறார்: ‘தூங்கப் போன மனிதர் பனியனைச் சரியாகத்தானே போட்டிருந்தார்? பிறகு லேபிள் எப்படி வெளியே வந்தது? அந்த அறைக்குள் போனது நீங்கள் ஒருவர்தானே டாக்டர்?’

என் ஏழாவது தப்பு! நம்பர் போட்டு ஆசிரியருக்கு அனுப்பினேனே, அந்தத் தப்பு!

“நாஞ் சொன்னனல்லோ!” என்று ஒரு அம்மாள் தொடையில் தட்டிக்கொண்டாள். “லேபிள் வெளிய தெரிஞ்சப்பவே சொன்னனல்லோ, செத்தவனுக்கு ஆரோ மாட்டிவுட்டிருக்கறாங்கன்னு!” லேபிள் வந்த வாரமே அந்தச் செக்ஷன் முழுக்கத் தெரியுமாம். ஆள் யார் என்பதுதான் பாக்கியாம். நாளெல்லாம் பனியனைத் திருப்புகிற கைகளுக்குத் தெரிந்தது எனக்குத் தெரியவில்லை. பனியன் கம்பெனியில்தான் எனக்கும் சம்பளம்!

எனக்குப் பொறாமை அடங்கியதா? நன்றாகக் கேட்டீர்கள். இரண்டு மடங்காகிவிட்டது. அதுவரை அந்த மனிதர் பெயர் வாங்குகிறாரே என்றுதான் பொறாமை. இப்போது அவர் நன்றாக எழுதுகிறாரே என்று பொறாமை. முந்தினது எவ்வளவோ தேவலை.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம், வேலை விட்டதும் சரசு சொல்லிக்கொள்ள வந்தாள். கையில் பழைய காலண்டர் தாள் சுற்றிய கப்பல் கதை. வழியில் பைண்டிங்குக்குக் கொடுத்துவிட்டுப் போகிறாளாம். எனக்குப் பொறுக்கவில்லை.

“சரசு, அன்னிக்கு சூப்பர்வைசர்கிட்டச் சொன்னது நான்தான்.”

“தெரியுமுங்க சார்.”

“தெரியுமா! எப்படி?”

“அன்னிக்கு ஆபீஸ்ல இருந்து எங்க பக்கம் வந்தது நீங்க ஒருத்தர்தானுங்க. வந்துட்டு அப்படியொரு மூஞ்சியோட போனீங்க.” சிரித்தாள். “அதனாலதானுங்க உங்ககிட்ட வந்து கேட்டேன். எப்படியும் குடுத்துருவீங்கன்னு தெரியும்.”

கும்பிட்டுவிட்டுப் போய்விட்டாள். பம்பாயில் நன்றாக இருக்கட்டும்.

அன்று வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றியதும் முதல் காரியமாகக் கழுத்தைத் தடவிப் பார்த்தேன். லேபிள் உள்ளேதான் இருந்தது. பனியனைச் சரியாகத்தான் போட்டிருக்கிறேன்... முகத்தைத்தான் ஆறு மாதமாக உள்பக்கம் வெளியே போட்டுக்கொண்டு திரிந்திருக்கிறேன்!