பிரகதாம்பாளுக்குத் துணை நின்றவர்

திருப்பனந்தாளுக்குப் பக்கத்தில், வாய்க்கால் கரையை ஒட்டிய தெருவில் இருக்கிறார் இராஜாங்கம். தனியார் பஸ்ஸில் வெகுகாலம் கண்டக்டராக இருந்தவர். அதன் பிறகு குத்தகைக்கு நிலம் எடுத்துச் சம்பா போட்டார். போன வருடம் அதையும் விட்டுவிட்டார். மனைவி பிரகதாம்பாளைத் தனியே விட்டுவிட்டு வயலுக்குப் போக முடியவில்லை.

அவளுக்கு மறதி மெதுவாகத்தான் வந்தது. முதலில் அடுப்பில் வைத்த பாலை மறந்தாள். பிறகு சிங்கப்பூரில் இருக்கும் மகன் தமிழரசனின் பெயரை. ஒரு நாள் காலையில் காபி கொண்டுபோய்க் கொடுத்த இராஜாங்கத்தை நிமிர்ந்து பார்த்து, நீங்கள் யார் என்று கேட்டாள்.

அவர் விடவில்லை. கல்யாணப் போட்டோவைக் கழற்றி வந்து காட்டினார். அதில் இருந்த மீசைக்காரப் பையனை அவளுக்குத் தெரிந்தது. எதிரில் நின்ற நரைத்த மனிதரைத் தெரியவில்லை. போன நினைவு திரும்பாது என்று தஞ்சாவூர் டாக்டர் சொல்லியும், தினமும் உட்கார்த்தி வைத்துப் பெயர்களைச் சொல்லிக் கொடுத்தார். அவள் தப்பாகச் சொன்னால் இவர் குரல் உயரும். அவள் அழுவாள். இருவரும் சாப்பிடாமலே படுத்த நாட்கள் உண்டு.

சாயங்காலம் ஆனால்தான் பெரும்பாடு. அவர் வேலையில் இருந்தபோது, டிரிப் முடிந்து இறங்கும் நேரத்துக்கு அவள் பஸ் ஸ்டாப்பில் வந்து நிற்பாள். அந்தப் பழக்கம் மட்டும் அவளை விட்டுப் போகவில்லை. புடவையைச் சரிசெய்துகொண்டு கிளம்பிவிடுவாள். ரோட்டில் லாரிகள் பறக்கும். பயந்துபோய் அவர் கிரில் கதவைப் பூட்டி வைத்தார்.

ஐப்பசியில் மழை விட்டிருந்த ஒரு சாயங்காலம், கம்பியை அடித்து அடித்து அவள் கை வீங்கிவிட்டது. அவர் எண்ணெய் எடுத்து வந்து தடவப் போனார். அவள் சட்டென்று சுவரோடு ஒண்டினாள்.

“தொடாதீங்க. அவங்க வர்ற நேரம்.”

இராஜாங்கம் கிண்ணத்தோடு அப்படியே நின்றார். அவள் கண்ணில் இருந்தது கோபம் இல்லை, வேற்று ஆணைக் கண்ட பயம். இத்தனை மாதமாகத் தான் அவளோடு மல்லுக்கு நின்றதுதான் அந்தப் பயத்தை வளர்த்திருக்கிறது என்று அவருக்குப் பட்டது. கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டுப் பூட்டைத் திறந்தார்.

“வாங்க, பஸ் வர்ற நேரமாச்சு. துணைக்கு வர்றேன்.”

கல்யாணம் ஆன நாளிலிருந்து அவளை அவர் ‘வாங்க’ என்று அழைத்தது அதுதான் முதல் தடவை.

ஸ்டாப்பில் நிற்கும்போது அவள் அவருடைய பெயரைக் கேட்டாள். சொன்னார். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு, “அவங்க பேரும் அதுதான்” என்றாள், வெட்கத்தோடு. பிறகு தானாகவே பேசினாள். கோபக்காரர்தானாம், ஆனால் சாப்பிட்டாயா என்று கேட்காமல் படுக்க மாட்டாராம். யாரோ ஒருவரைப் பற்றிக் கேட்பதுபோல் கேட்டுக்கொண்டிருந்தார் இராஜாங்கம். பஸ் வந்தது. இறங்கியவர்களில் அவள் தேடிய ஆள் இல்லை.

“நாளைக்கு வந்துடுவாருங்க” என்றார்.

அவள் தலையாட்டிவிட்டு முன்னால் நடந்தாள். பக்கத்தில் நடந்தால் அவளுக்குச் சங்கடம் என்று அவர் சற்றுத் தள்ளிப் பின்னால் வந்தார்.

அதற்குப் பிறகு அவர் எதையும் திருத்துவதில்லை. வீட்டு வேலைக்கு வந்த ஆள் என்று அவள் நினைத்தால், ஆமாம் என்பார். அவள் நன்றாகச் சாப்பிடுகிறாள். அவரும் தூங்குகிறார். தமிழரசன் போனில், அம்மா இப்போதாவது அடையாளம் கண்டுகொண்டாளா என்று கேட்டான்.

“இல்லப்பா. அதைக் கேக்கறதையே விட்டுட்டேன். வீடு இப்ப அமைதியா இருக்கு.”

அந்த வீட்டில் அவரை ‘என்னங்க’ என்று கூப்பிட இனி ஆள் இல்லை. சில மத்தியானங்களில் அது நினைவுக்கு வரும். கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருப்பார். பிறகு எழுந்து சோறு வடிக்கப் போவார்.