பறக்கிறவனின் தேய்ந்த பூட்ஸ்

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் என் கணவர் பிரியாணியில் கையே வைக்காமல் எழுந்துவிட்டார். காரணம் கேட்டால் நீங்களும் சிரிப்பீர்கள். ஒருத்தன் செத்துப் போயிருந்தான். காகிதத்தில் இருப்பவன். மாதாமாதம் கூரியரில் வரும் காமிக்ஸ் தொடரின் கதாநாயகன். பறப்பான், லாரியைத் தூக்குவான், முதுகில் ஒரு துணி தொங்கும். அவனுக்குப் பெயர் உண்டு, நான் சொல்ல மாட்டேன். கல்யாணமான நாளிலிருந்து எனக்கு அவன் "உங்க ஆளு"தான்.

"பாஸ்டரைக் கூப்புட்டு ஜெபம் பண்ணச் சொல்லட்டுங்களா?" என்றேன்.

"உனக்கு எல்லாமே வெளையாட்டு" என்று சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

எனக்கும் அந்த ஆளுக்கும் ஆரம்பத்திலிருந்தே ஆகாது. ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் எனக்கு ஃபைனல் செக்கிங் வேலை. நாள் முழுக்க ஷூவைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக் குறை சொல்லத்தான் சம்பளம். முதன்முதலில் அந்தப் புத்தகத்தைக் காட்டியபோது அவர் அந்த ஆளின் முகத்தைப் பார்க்கச் சொன்னார், நான் காலைப் பார்த்தேன்.

"முழங்கால் வரைக்கும் பூட்ஸ். ஜிப் இல்ல, லேஸ் இல்ல, எலாஸ்டிக்கும் இல்ல. காலை எப்படிங்க உள்ள வுட்டான்?"

"அவன் சூப்பர் ஹீரோடி."

"இருக்கட்டுமே. அவனுக்கும் குதிகால் இருக்குதில்ல?"

கம்பெனியில் குறை இருக்கும் இடத்தைக் காட்ட ஒட்டுகிற சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒன்று என் பையில் கிடந்தது. அதை அட்டைப்படத்தில் பூட்ஸ் மேலேயே ஒட்டினேன். வீட்டில் திருடன் புகுந்த மாதிரி கத்தினார் மனுஷர்.

இத்தனை கிண்டல் செய்த நான், அன்றைக்கு அவர் சுவரைப் பார்த்தபடி "போதும், சந்தாவை நிறுத்திடறேன்" என்றதும் ஆடிப்போய்விட்டேன். அவருக்கு ஜோலார்பேட்டையில் ரயில்வே வேலை, ஷிஃப்ட் மாறிக்கொண்டே இருக்கும். எங்கள் இரண்டு பேருக்கும் சேர்ந்தாற்போல் லீவு கிடைப்பது மாதத்தில் ஒரு ஞாயிறு. எந்தத் தேதியில் புத்தகம் வந்தாலும் பிரிக்காமல் அந்த ஞாயிறு வரை வைத்திருப்பார். சாப்பாட்டை எடுத்து வைத்ததும் பிரித்து, வில்லனுக்கு ஒரு குரல், போலீசுக்கு ஒரு குரல் என்று எனக்காகப் படிப்பார். நான் குறை சொல்வேன், அவர் சண்டைக்கு வருவார். எனக்கு அதைவிட இனிப்பான பொழுது கிடையாது. புத்தகம் நின்றால் அவர் தூங்குவார், நான் துணி துவைப்பேன், ஞாயிறு தீர்ந்துவிடும்.

புத்தகத்தை எடுத்துக் கடைசிப் பக்கத்தைப் பார்த்தேன். இடிந்த கட்டடம். இடிபாட்டுக்கு வெளியே இரண்டு பூட்ஸ், அடிப்பக்கம் நம்மைப் பார்த்தபடி.

"ஏங்க, எழுந்திருங்க. இது உங்க ஆளு இல்ல."

"இன்னா உளர்ற?"

"அடியைப் பாருங்க. இடது குதி வெளிப்பக்கமா தேஞ்சிருக்கு. பறக்கிறவனுக்கு அடி எப்படிங்க தேயும்? இது தெனம் நடந்துபோய் பஸ் புடிக்கிறவன் பூட்ஸ். யாரோ டூப்பு."

உண்மையில் ஓவியர் கை போன போக்கில் இழுத்த இரண்டு கோடாகவும் இருக்கலாம். அதை நான் ஏன் சொல்லப் போகிறேன்? அவர் எழுந்து உட்கார்ந்தார். படத்தைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோனார். "அட ஆமா!" என்றார். "சரி, இன்னும் ஒரு புக்கு பாக்கலாம்" என்று சாப்பிட வந்தார்.

அடுத்த இதழ் வந்தபோது அவர் டியூட்டியில் இருந்தார். எனக்குப் பொறுக்கவில்லை, கவரைப் பிரித்துவிட்டேன். முதல் பக்கத்திலேயே சவப்பெட்டி. அவனைப் பெற்றவளே முகத்தைப் பார்த்து, தன் மகன்தான் என்று கதறுகிறாள். நாசமாய்ப் போக! என் பூட்ஸ் ஆராய்ச்சியும் அவனோடு மண்ணுக்குள் போனது.

அலமாரியில் மடித்து வைத்திருந்த என் கம்பெனி யூனிஃபார்ம் கோட்டுக்கு அடியில் புத்தகத்தை ஒளித்தேன். அவர் கேட்கும்போதெல்லாம் ஒரு பொய். லாரி ஸ்டிரைக் என்றேன். அச்சாபீசில் மிஷின் ரிப்பேர் என்றேன். கூரியர்காரருக்கு அம்மை போட்டிருக்கிறது என்றும் சொல்லிவைத்தேன். "அய்யோ பாவம்" என்றார் அவர்.

எங்கள் ஞாயிறு வந்தது. சாப்பாட்டை எடுத்து வைத்தேன். அவர் நேராகப் போய் என் கோட்டைத் தூக்கிப் புத்தகத்தைக் கொண்டுவந்து என் முன்னால் போட்டார்.

"அம்மை போட்ட கூரியர்காரர் போன வாரம் பஜார்ல டீ குடிச்சிட்டு இருந்தாரு. புக்கு அப்பவே குடுத்துட்டேனே சார்னாரு. அன்னிக்கே தேடி எடுத்துப் படிச்சிட்டேன்."

"அப்ப ஏங்க ஒண்ணும் கேக்கல?"

"அடுத்தது இன்னா கதை வுடப்போறேன்னு பாத்துக்கினு இருந்தேன்."

சிரித்துச் சமாளிக்கத்தான் பார்த்தேன். வாய் வேறு சொல்லிவிட்டது. "அவன் செத்தது தெரிஞ்சா நீங்க சந்தாவை நிறுத்திடுவீங்க. அப்புறம் நமக்கு இன்னாங்க இருக்கு? உங்ககூட உக்கார்றதுக்கு எனக்கு இருக்கிறது இந்த ஒரு மத்தியானம்தான்."

அவர் புத்தகத்தை என் பக்கம் தள்ளினார்.

"செத்தது அவன்டி. ஞாயித்துக்கிழமைய ஏன் பொதைக்கணும்? படி. இந்தத் தடவை நீதான் படிக்கிற. அழறவங்க ஜாஸ்தி பேர் இருக்காங்க, எல்லாருக்கும் தனித்தனியா குரல் குடுக்கணும்."

படித்தேன். அந்தத் தாய் பெட்டி மேல் விழுகிற இடத்தில் எனக்கு நிஜமாகவே அழுகை வந்துவிட்டது. என் கணவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.