அலமாரிக்குள் எட்டு விநாடி அமைதி

சத்தத்தை ஒழிப்பதற்காகவே ஒரு மனிதருக்கு மாதாமாதம் சம்பளம் கொடுக்கிறார்கள். ஒலிப்பதிவு மென்பொருள் செய்யும் நிறுவனத்தில் பதினான்கு ஆண்டுகளாக அவருக்கு ஒரே வேலை: பதிவில் இரைவதை எடுத்துவிட்டுப் பேச்சை மட்டும் மிச்சம் வைப்பது. அலுவலகத்தில் அவர் ‘காதுக்காரர்’. மின்விசிறியின் ஓசையைக் கேட்டே அதன் வயதைச் சொல்லிவிடுவார். சொல்லச் சொல்லி யாரும் கேட்டதில்லை என்பது வேறு விஷயம்.

வேலைக்கு அடிப்படை ஃபாஸ்ட் ஃபூரியர் டிரான்ஸ்ஃபார்ம் என்கிற கணக்கு. ஒலியை இரண்டாயிரத்து நாற்பத்தெட்டு எண்கள் கொண்ட துண்டுகளாக நறுக்கி, ஒவ்வொன்றிலும் எந்தச் சுருதி எவ்வளவு கலந்திருக்கிறது என்று பிரித்துக் காட்டும். நேர்வழியில் போனால் துண்டுக்கு நாற்பது லட்சம் பெருக்கல். குறுக்குவழியில் ஒற்றைப்படை ஒரு பக்கம், இரட்டைப்படை ஒரு பக்கம் என்று பாதியாக்கி, அந்தப் பாதியையும் பாதியாக்கிக்கொண்டே போனால் இருபதாயிரத்துச் சொச்சத்தில் வேலை முடிந்துவிடும். கல்யாணமான புதிதில் இதை மனைவிக்கு விளக்கினார். மூன்றாவது பாதியில் அம்மையார் உறங்கிவிட்டார்.

அந்த மனைவி, பார்வையற்ற மாணவர்களுக்காகப் பாடநூல்களை வாசித்துப் பதிவு செய்பவர். ஸ்டுடியோ, படுக்கையறையில் உள்ள துணி அலமாரி. மூன்று வருஷமாகத் துண்டுதுக்காணி வேலைகளே வந்துகொண்டிருந்தபோது, ஒரு பெரிய நிறுவனம் முப்பத்திரண்டு பாடம் கொண்ட உயிரியல் நூலுக்கு மாதிரிப் பதிவு கேட்டிருந்தது. மாலை ஐந்து மணி கெடு. பதிவில் ஃப்ரிட்ஜ் இரைந்தது.

“என்கிட்ட குடு, ஒரே நிமிஷம்” என்றார் காதுக்காரர், அறுவை சிகிச்சைக்குக் கையுறை மாட்டுபவரின் தோரணையில்.

மென்பொருளுக்கு முதலில் வெறும் இரைச்சலை மட்டும் காட்ட வேண்டும். அதன் சுருதிகளைக் குறித்துக்கொண்டு, பிறகு பதிவு முழுவதிலிருந்தும் அவற்றைக் கழித்துவிடும். பதிவின் தொடக்கத்தில், மனைவி வாசிக்க ஆரம்பிக்கும் முன் இருந்த எட்டு விநாடியை எடுத்துக் காட்டினார். பொத்தானை அழுத்தினார்.

ஃப்ரிட்ஜ் ஒழிந்தது. கூடவே மனைவியும் ஒழிந்தார். ‘செல்லின் சுவர்’ என்று அவர் வாசித்தது, கவிழ்த்த வாளிக்குள்ளிருந்து யாரோ ‘ஸ்ஸ், ச்ச்’ என்பதாகக் கேட்டது.

சோபாவில் சாய்ந்திருந்த மைத்துனன் எழுந்தே விட்டான். “அத்தான், அக்கா வாயை அடைக்கிற மெஷினா? இத்தனை வருஷமா எங்க ஒளிச்சு வெச்சிருந்தீங்க?”

“நீ சும்மா இருடா” என்ற மனைவி, கணவர் பக்கம் திரும்பினார். “ஏங்க, மணி நாலு. விளையாடறீங்களா?”

அந்த எட்டு விநாடியைத் திரையில் விரித்தார் காதுக்காரர். அடியில் ஃப்ரிட்ஜ், நேர்கோடாக. அதற்கு மேலே ஏணிப்படி மாதிரி இன்னும் சில கோடுகள்: இருநூற்றிருபது ஹெர்ட்ஸ், நானூற்று நாற்பது, அறுநூற்று அறுபது. அவை நேராகவும் இல்லை. ஏறின, இறங்கின, ஓரிடத்தில் குழைந்தன.

அவர் கெடுவை மறந்தார். “மோட்டாருக்கு இப்படி மனசு மாறாதே. இது தொண்டை இருக்கிற ஏதோ ஒண்ணு.”

“பக்கத்து வீட்டு ரேடியோவா இருக்கும்” என்றார் மனைவி.

காதுக்காரர் ஒலியை முப்பது மடங்கு கூட்டி ஹெட்ஃபோனை மனைவியின் காதில் மாட்டினார். மனைவியின் முகம் மெல்ல மாறியது. “இது... நானா? நான் பாட்டு முனகவே மாட்டேனே!”

“அக்கா, பரீட்சைக்குப் படிக்கறப்பல்லாம் இதேதான். நான் காதுல பஞ்சு வெச்சுக்கிட்டு பாஸ் பண்ணேன்” என்றான் தம்பி.

இருவர் கண்களும் காதுக்காரர் மேல் திரும்பின. “பதினெட்டு வருஷமா கூட இருக்கீங்க. உங்களுக்குக் கேட்டதே இல்லையா?”

மின்விசிறியின் வயதறிந்த மனிதர் தரையைப் பார்த்தார். “கேட்டிருக்கும். வீடு அமைதியா இருக்குன்னு நினைச்சிருப்பேன்.”

முனகலையும் இரைச்சல் என்று எடுத்துக்கொண்டுதான் மென்பொருள் குரலைக் கழித்திருந்தது. இனி வேண்டியது முனகல் இல்லாத எட்டு விநாடி. மனைவி அலமாரிக்குள் உதட்டை மடித்துக்கொண்டு நின்றார். திரையில் ஏணி ஏறியது. வாயைப் பொத்திக்கொண்டார். மூக்கு வழியாக ஏறியது. “நான் பண்ணலைங்க, அதுவா வருது!” மணி நாலரை.

கடைசியில் மனைவியையும் மைத்துனனையும் மாடிப்படிக்கு அனுப்பிவிட்டு, காதுக்காரர் தானே துணிகளுக்கு நடுவே நின்று மூச்சடக்கி அமைதியைப் பதிவு செய்தார். தொழில் வாழ்க்கையில் அவர் கேட்ட மிகச் சுத்தமான எட்டு விநாடி அது. ஒன்பதாவது விநாடியில் கதவைத் திறந்து, “வாங்க, வாங்க, உள்ள வாங்க” என்று தேவைக்கு அதிகமாகவே கத்தினார். இம்முறை ஃப்ரிட்ஜ் மட்டும் போயிற்று. நாலு ஐம்பத்தாறுக்குப் பதிவு போய்ச் சேர்ந்தது.

மூன்றாம் நாள் பதில் வந்தது. நூல் மனைவிக்கே. கீழே ஒரு குறிப்பு: மாதிரியின் கடைசியில் மெல்லிய ராகம் ஒன்று கேட்கிறது, இனி அனுப்பும்போது நீக்கிவிடவும்.

“ஏங்க, கடைசியில வெட்டாம விட்டுட்டீங்களா?”

“வெட்டற அளவுக்குச் சத்தமா தெரியலை” என்றார் அவர், தொழில் முறையில்.

“நல்ல காது!” என்று சொல்லிவிட்டு மனைவி உயிரியல் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு அலமாரிப் பக்கம் போனார். கதவு மூடும் வரை காதுக்காரர் விரலைக்கூட அசைக்கவில்லை. கேட்டது. அதே முனகல், இருநூற்றிருபதுக்குக் கொஞ்சம் மேலே.