கூடைக்கு மூன்று ராத்தல்

என் மூத்த மகள் பிறந்தபோது நாங்கள் பள்ளிவாசல் என்ற மலையூருக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் குடியிருந்தோம். என் கணவருக்கு அங்கே கணக்கப்பிள்ளை வேலை. பெண்கள் பறித்துவரும் கொழுந்தை மாலையில் நிறுத்து, ஆளுக்கு இத்தனை ராத்தல் என்று எழுதுவது அவர் பொறுப்பு. நான் திருநெல்வேலிச் சீமையில் மிஷன் பள்ளியில் படித்து, கல்யாணத்துக்கு முன் இரண்டு வருஷம் அங்கேயே பாடம் சொல்லிக்கொடுத்தவள். மலையேறியபோது ஒரு தகரப் பெட்டி நிறையப் புத்தகங்கள் கொண்டுவந்தேன். அவற்றில் ஒன்று பிள்ளை வளர்ப்பைப் பற்றியது. தாயார் காலமாகிவிட்டதால் பிரசவத்துக்கு நான் ஊருக்குப் போகவில்லை. அந்தப் புத்தகத்தைத்தான் தாயாரின் இடத்தில் வைத்திருந்தேன்.

குழந்தை வைகாசிக் கடைசியில், மழை இறங்குவதற்குச் சில நாட்கள் முன்பு பிறந்தாள். அழகான பிள்ளை. ஆனால் முதல் நாளிலிருந்தே பால் குடிப்பது அவளுக்கும் எனக்கும் பெரும்பாடாக இருந்தது. வாயை வைப்பாள், நாலைந்து முறை தாடையை அசைப்பாள், டக்கென்று ஒரு சத்தத்தோடு பிடி வழுகிவிடும். மறுபடி தேடுவாள். கடைவாயில் பால் வழியும். அரை மணி நேரம் போராடிவிட்டுக் களைத்து உறங்குவாள். உறங்கிய சூடு ஆறுவதற்குள் விழித்து அழுவாள். எனக்கோ மார்க்காம்பு வெடித்துப் புண்ணாகி, அவள் அழும் குரல் கேட்டாலே உடம்பு கூசியது. பெற்ற பிள்ளையின் பசியைக் கண்டு பயப்படுகிறோமே என்று எனக்கு நானே வெட்கப்பட்டேன்.

பார்த்தவர்கள் எல்லோரும் ஒன்றையே சொன்னார்கள்: தாய்க்குப் பால் போதவில்லை. பக்கத்துக் குடியிருப்பிலிருந்து உரித்த பூண்டு வந்தது. போடியிலிருந்து மலையேறிவந்த பால்சுறாக் கருவாடு வந்தது. கருப்பட்டி போட்டு வெந்தயக் களி கிண்டிக் கொடுத்தார்கள். இந்த வருஷத்துத் தேயிலை பூண்டு மணத்தோடுதான் கப்பலேறப்போகிறது என்று என் கணவர் கேலி செய்தார். அவர்கள் சொன்னதையெல்லாம் நான் தின்றேன். இரவிக்கை நனைந்துகொண்டே இருந்தது. பாலில்லாதவளின் இரவிக்கை ஏன் நனைகிறது என்று கேட்க யாருக்கும் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை.

புத்தகம் குழந்தையை அவ்வப்போது நிறுத்துப் பார்க்கச் சொன்னது. தோட்டத்தில் இருந்த தராசு ஒன்றே ஒன்று: நிறுவைக் கொட்டகையின் விட்டத்தில் தொங்கும் கொழுந்துத் தராசு. மேலே வட்டமான முகமும் முள்ளும், கீழே ஒரு கொக்கி. குழந்தைக்கு எட்டு நாளானபோது என் கணவர் புதிய கொழுந்துக் கூடை ஒன்றை எடுத்து, அடியில் மெழுகுத்துணியும் அதன்மேல் கம்பளியும் விரித்து, அவளைக் கிடத்திக் கொக்கியில் மாட்டினார். ஒன்பது ராத்தல். கூடைக்கும் விரிப்புக்குமாக மூன்று கழித்தால் பிள்ளை ஆறு. கூடைக்கு மூன்று என்பது தோட்டத்தில் நாள்தோறும் கழிக்கிற கணக்கு. அவருக்குத் தூக்கத்தில் கேட்டாலும் தெரியும். புத்தகத்தின் பின்னட்டைக்குள் பென்சிலால் ஆறு என்று எழுதினார். மூன்றாவது வாரம் ஆறரை.

அவள் தொடை மெலிவதை நான் கண்டேன். குளிப்பாட்டும்போது முதுகுத் தோல் என் விரலோடு நகர்ந்தது. சொன்னால் அவர் பின்னட்டையைத் திறந்து காட்டுவார். அவர் பிடிவாதக்காரர் அல்லர். நான் பயப்படக் கூடாதே என்றுதான் காட்டினார். நானும் எழுத்தை நம்பிப் பழகியவள். கையில் கிடந்த பிள்ளையை விட்டுவிட்டு அட்டையில் கிடந்த ஆறரையை நம்பினேன்.

ஐந்தாவது வாரம் நானும் கொட்டகைக்குப் போனேன். அதற்குள் தென்மேற்கு மழை பிடித்து மூன்று வாரம் தாண்டியிருந்தது. கொழுந்து நிறுவை முடிந்து, கொங்காணிச் சாக்கைத் தலையில் போட்டபடி பெண்கள் கலையாமல் நின்றார்கள். குழந்தையை நிறுப்பது அவர்களுக்கு ஒரு வேடிக்கை. முள் பத்தில் நின்றது. “ஏழு” என்றார் என் கணவர், எல்லோருக்கும் கேட்கும்படி. பெண்கள் சிரித்தார்கள், ஒருத்தி குலவைகூட இட்டாள்.

அந்தக் கூட்டத்தில் இடுப்பில் ஆறு மாதப் பையனோடு ஒருத்தி நின்றாள். என்னைவிட இரண்டு மூன்று வயது இளையவள், அதற்குள் மூன்று பிள்ளைக்குத் தாய். நிறுவையில் தினமும் என் கணவரோடு வழக்காடுகிறவள் என்று அவரே எனக்குச் சொல்லியிருந்தார். அவள் சொன்னாள்:

“ஐயா, எங்க கூடைன்னா கூடைக்கு மூணு, மழை பெஞ்சா ஈரத்துக்கு இன்னும் ஒண்ணுன்னு கழிக்கீக. பிள்ளைக் கூடைக்கு ஈரம் கழிச்சீகளா?”

மறுபடி சிரிப்பு எழுந்தது. என் கணவரும் சிரித்தார், பாதியில் நிறுத்தினார். குழந்தையைத் தூக்கி என் கையில் கொடுத்துவிட்டு, விரிப்போடு கூடையை மட்டும் கொக்கியில் மாட்டினார். மூன்று வாரமாக மற்றக் கூடைகளோடு அந்தச் சாரலில் தொங்கிய கூடை அது. மூங்கில் தண்ணீரைக் குடித்துக் கறுத்திருந்தது. மெழுகுத்துணி இருந்ததால் பிள்ளை நனையவில்லை. அதனாலேயே எங்களுக்கும் உறைக்கவில்லை. முள் நாலரையில் நின்றது.

பத்தில் நாலரை கழிந்தது. ஆறு ராத்தலாக இருந்த பிள்ளை ஐந்தரை ஆகியிருந்தது. என் கணவர் தராசின் கண்ணாடியைக் கட்டைவிரலால் துடைத்தார். மறுபடி பார்த்தார். மழையில் நனைந்த கொழுந்துக்கு நாள் தவறாமல் ஈரம் கழிக்கிற மனிதர், தம் பிள்ளை விஷயத்தில் மழையை வரவு வைத்திருந்தார்.

அந்தப் பெண் தன் பையனைப் பக்கத்தில் நின்றவளிடம் கொடுத்துவிட்டு என்முன் வந்து இரு கைகளையும் நீட்டினாள். “குடுங்கம்மா இப்படி.”

என் கைகள் தயங்கின. அதை மறைத்து எழுத நான் விரும்பவில்லை. எல்லோரும் ஒரே தகப்பனின் பிள்ளைகள் என்று வகுப்பில் சொல்லிக்கொடுத்தவள் நான். ஆயினும் கணக்கப்பிள்ளை வீட்டுக்கும் தொழிலாளர் குடியிருந்த லயத்துக்கும் நடுவே யாரும் போடாத ஒரு வேலி இருந்தது. லயத்துப் பெண்ணின் மார்பில் என் பிள்ளையா என்று ஒரு கணம் உள்ளே ஏதோ கேட்டது. அவள் அதைக் கவனித்திருப்பாள். நீட்டிய கையை மடக்காமல் நின்றாள். கொடுத்தேன்.

ஆண்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, அவள் குழந்தைக்குப் பால் கொடுத்தாள். கொஞ்ச நேரம் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

“உறிஞ்சலம்மா இது. சவைக்கிது, பல்லில்லாத கிழவி வெத்தல போடுத மாதிரி. ஒங்க பாலுக்கு ஒண்ணுமில்ல.”

பிடி வழுகிக் குழந்தை அழுதபோது அவளை வெளிச்சத்துக்குத் திருப்பி, “நாக்கைப் பாருங்க” என்றாள். பார்த்தேன். அழும் குழந்தையின் நாக்கு மேலெழ வேண்டும். அவள் நாக்கு அடியிலேயே கிடந்தது. நுனி மந்தாரை இலைபோல் நடுவில் மடிந்து உள்வாங்கியிருந்தது. தூக்கிப் பார்த்தால் அடியில் ஒரு வெண்ணிறத் தோல், நாக்கின் நுனிவரை ஓடி அதை வாயின் தரையோடு கட்டிவைத்திருந்தது. ஐந்து வாரம் அந்த முகத்தைப் பார்த்தே பொழுது போக்கியவள் நான். வாய்க்குள் பார்த்ததில்லை.

தன் இரண்டாவது பிள்ளைக்கும் இப்படித்தான் இருந்தது என்றாள். லயத்தில் பிள்ளைப்பேறு பார்க்கிற ஒருத்தி சுண்டுவிரல் நகத்தை வளர்த்துக் கூராக்கி வைத்திருப்பாள். ஒரு கீறு, அவ்வளவுதான். இன்றைக்கே கூட்டிவருவதாகச் சொன்னாள். நகத்தின் அடியில் சேரும் அழுக்கைப் பற்றிப் புத்தகத்தில் வாசித்திருந்ததால் நான் மறுத்தேன்.

“ஏன், எம்பிள்ளை செத்தா போச்சு?” என்று கேட்டுவிட்டு, பையனை வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டு போய்விட்டாள்.

அன்று வீட்டுக்கு வந்ததும் புத்தகத்தைப் புரட்டினேன். நாக்கு ஒட்டியிருப்பதைப் பற்றி ஒரே ஒரு வரி இருந்தது: பால் பிடிக்காத சிசுவின் நாக்கைத் தூக்கிப் பார்க்க வேண்டும். அதன் அடியில் பென்சில் கோடு. பிரசவத்துக்கு முன்பே அதை வாசித்து, முக்கியம் என்று நானே கோடிட்டிருக்கிறேன். புத்தகத்தை மூடி வைத்தேன். கணவரிடம் அந்தப் பக்கத்தைக் காட்டப் பல வருஷம் ஆயிற்று.

தோட்டத்து மருந்தறையில் இருந்தவர் புண்ணுக்குக் கட்டுப்போடுவார், காய்ச்சலுக்கு மருந்து கொடுப்பார். நாக்கில் கத்தரி வைக்கத் தமக்கு அதிகாரமில்லை என்றார். மின்சார வேலைக்காக வந்தவர்களுக்கென்று சித்திரபுரத்தில் ஒரு தகரக் கூரை ஆஸ்பத்திரி இருந்தது. அங்கே டாக்டர் வருவதற்கு இன்னும் நான்கு நாட்கள். ஐந்தரை ராத்தல் பிள்ளைக்கு நான்கு நாள் என்பது எவ்வளவு என்று எந்தப் புத்தகத்திலும் இல்லை. நகக்காரியைக் கூப்பிட்டுவிடலாமா என்று இருவரும் மாறி மாறிச் சொன்னோம். அவர் சரி என்றால் நான் வேண்டாம் என்பேன்; நான் இளகினால் அவர் தயங்குவார்.

கோபித்துப் போனவள் மறுநாள் காலைப் பெரட்டுக்கு, ஆள் கூப்பிடும் இடத்துக்கு, போகும் வழியில் அடுக்களை வாசலில் வந்து நின்றாள். பிள்ளையால் இழுக்க முடியாவிட்டால் கையால் பீய்ச்சிச் சங்கில் ஊட்ட வேண்டியதுதானே என்றாள். வெந்நீரில் துணி நனைத்து ஒற்றி, எங்கே விரலை வைத்து எப்படி அழுத்துவது என்று தன் கையாலேயே செய்து காட்டினாள். கிண்ணம் நிறைந்ததைக் கண்டு அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

“இம்புட்டுப் பாலை வச்சுக்கிட்டா பூண்டு தின்னீக?”

நான்கு நாளும் சங்கு ஓயவில்லை. காலையும் மாலையும் அவள் வந்து கிண்ணத்தை எட்டிப் பார்த்தாள். போகும்போது ஒரு தடவை தானும் பால் கொடுத்தாள். என் கைகள் பிறகு தயங்கவில்லை.

ஐந்தாம் நாள் என் கணவர் பிள்ளையைக் கம்பளியில் சுற்றி மார்போடு அணைத்துக்கொள்ள, நான் குடை பிடித்து, சித்திரபுரத்துக்கு நடந்தோம். டாக்டர் தெற்கேயிருந்து வந்த மலையாளி, இளைஞர். நாக்கைப் பார்த்ததும் தலையசைத்து, சிறிய கத்தரி ஒன்றைக் கொதிநீரில் போடச் சொன்னார். பயம் வேண்டாம், ஒரு நிமிஷம் போதும் என்பதை அவர் பாஷையில் சொன்னார்: “பேடிக்கண்டா, ஒரு நிமிஷம் மதி.” என் கணவர் வெளியே போய்விட்டார். தினமும் எண்பது பெண்களின் வழக்கைத் தாங்குகிற மனிதரால் அந்தக் கத்தரியைப் பார்க்க முடியவில்லை.

நர்ஸ் தலையைப் பிடித்துக்கொண்டாள், நான் கைகளைப் பிடித்தேன். டாக்டர் இரண்டு விரலால் நாக்கைத் தூக்கினார். கத்தரி வைத்த சத்தம்கூடக் கேட்கவில்லை. இரண்டு சொட்டு இரத்தம். வீறிட்டு அழுதாள், அழுகையில் நாக்கு முதல்முறையாக மேலே எழுந்தது. சமாதானப்படுத்த நேரம் கடத்தாமல் உடனே பால் கொடுக்கச் சொல்லித் திரையை இழுத்துவிட்டார்.

அவள் வாய் வைத்தபோது வழக்கம்போல் பல்லைக் கடித்துக்கொண்டேன். அந்த வலி வரவில்லை. ஆழத்திலிருந்து ஓர் இழுப்பு. பிறகு ஒரு சிறு சத்தம். அது என்னவென்று எனக்குப் புரியவில்லை. மறுபடி கேட்டபோதுதான் தெரிந்தது, அவள் விழுங்குகிறாள். அதுவரை என் பிள்ளை ஒரு முழு மிடறு விழுங்கி நான் கேட்டதே இல்லை.

அழுகை நின்றதால் பயந்து, திரைக்கு வெளியிலிருந்து என் கணவர் தாழ்ந்த குரலில், “என்னாச்சு?” என்றார்.

“குடிக்கா” என்றேன்.

அன்றே எல்லாம் சரியாகிவிடவில்லை. களைத்தால் பழைய சவைப்புக்குத் திரும்புவாள். தோல் மறுபடி ஒட்டாதிருக்கச் சுத்தமான விரலால் நாக்கைத் தினம் தூக்கிவிடச் சொல்லியிருந்தார்கள். அது அவளுக்குப் பிடிக்காது. பத்து நாள் சங்கையும் கைவிடவில்லை. பிறகு ஒருநாள் அதைக் கழுவிக் கவிழ்த்து வைத்ததோடு சரி.

பிள்ளையின் அடுத்த நிறுவைக்கு முந்திய நாள் என் கணவர் அந்தக் கூடையைத் தொழிற்சாலைக்கு எடுத்துப்போய், இலை உலர்த்தும் சூளைக்குப் பக்கத்தில் வைத்து வறட்டிக்கொண்டு வந்தார். மாலையில் பெண்களின் கூடைகளை நிறுப்பதற்கு முன்னால், அன்றைக்கு நனைந்த வெறுங்கூடை ஒன்றை எல்லோருக்கும் தெரியும்படி மாட்டி, ஈரம் எவ்வளவு என்று உரக்கச் சொல்லிவிட்டுத்தான் கழிக்கத் தொடங்கினார். அந்த மழைக்காலம் முழுவதும் அப்படியே செய்தார். யாரும் அவரிடம் காரணம் கேட்கவில்லை.

கடைசியில் எங்கள் கூடை. வெறுங்கூடை விரிப்போடு சரியாக மூன்று. பிள்ளையோடு பத்தேகால். வழக்காடுகிறவள் கூட்டத்தை விலக்கி வந்து, தராசின் முகத்துக்கு நேராக நின்று முள்ளைப் பார்த்தாள். அவளுக்கு எண் வாசிக்கத் தெரியாது. முள் எங்கே நின்றால் எவ்வளவு என்று நன்றாகத் தெரியும்.

“இது பிள்ளைக் கனந்தாம்மா” என்றாள் என்னிடம்.

குழந்தையை நான் தூக்கிக்கொண்டதும் அவள் கூடைக்குள் கையை விட்டுத் தடவிப் பார்த்தாள். மெழுகுத்துணியையும் கம்பளியையும் எடுத்து என் கணவர் கையில் கொடுத்துவிட்டு, இந்த மழையில் இப்படிக் காய்ந்த கூடை யாருக்குக் கிடைக்கும் என்று சொல்லிக்கொண்டே அதைத் தன் முதுகில் மாட்டிக்கொண்டாள். அவர் தடுக்கவில்லை. அவள் மழையில் இறங்கி லயத்துக்கு நடந்தாள். நான் கொட்டகையிலேயே ஒரு பெட்டியின்மேல் உட்கார்ந்து பிள்ளைக்குப் பால் கொடுத்தேன். தகரக் கூரைமேல் அத்தனை மழை. இருந்தும் அவள் விழுங்குவது எனக்குக் கேட்டது.