கழற்றி வைத்த கம்பி

பின்பாக்கெட்டில் எப்போதும் பத்தொன்பதாம் நம்பர் ஸ்பானர் இருக்கும் என்பதால், அந்த மெக்கானிக்குப் பெயரே பத்தொன்பது என்றாகிவிட்டது. கல்குவாரிக்கு மலைப்பாதை பிரியும் இடத்தில்தான் அவருடைய பட்டறை. மேலே ஏறும் சின்ன லாரிகள் அங்கே நின்று, முன்சக்கரங்களை இணைக்கும் ஸ்டெபிலைசர் கம்பியைக் கழற்றிக் கொடுத்துவிட்டுப் போகும். அது இல்லாவிட்டால்தான் பாறை மேட்டில் சக்கரங்கள் தனித்தனியாக இறங்கித் தரையைப் பிடிக்கும். ஆனால் தார்ச்சாலை வளைவில் அதே வண்டி ஒரே பக்கமாகச் சாயும். அதனால் இறங்கி வருகிறவனைக் கம்பி மாட்டாமல் அவர் விடவே மாட்டார். சாவியைப் பிடுங்கி வைத்துக்கொண்டு வண்டை வண்டையாகத் திட்டுவார்.

ஊருக்கெல்லாம் சட்டம் பேசியவர், தங்கை புருஷனிடம் மட்டும் கோட்டைவிட்டார்.

"மச்சான், வீடு நாலு கிலோமீட்டர்தானே? காலைல வந்து மாட்டிக்கறேன்."

அவருக்கும் பசி. "சரி மாப்ள, மெதுவா போ."

இரண்டாவது வளைவிலேயே லாரி கவிழ்ந்தது. மாப்பிள்ளையை மூட்டையாகக் கட்டித்தான் கொண்டுவந்தார்கள்.

ஒரு மாதம் கழித்துத் தங்கை பட்டறைக்கு வந்தாள். சுவர் ஆணியில் தொங்கிய கம்பியில், சாக்பீஸால் எழுதியிருந்த தன் வீட்டு லாரி நம்பரைப் பார்த்தாள்.

"இது எதுக்குண்ணே?"

பொய் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. "வண்டி சாயாம இருக்கறதுக்கும்மா."

அவள் கம்பியைத் தொட்டுப் பார்த்தாள்.

"அப்போ இது ஏண்ணே இங்க தொங்குது?"